புதுத் தண்ணியில் முக்காத கட்டு

அன்று காலை சந்தையில் எங்கள் ஆட்கள் நான்கு பேர். அம்மா, கீரைக்கடை. அம்மாவின் அக்கா, அதாவது பெரியம்மா, அவளுக்கும் கீரைக்கடை, பக்கத்தில் விரித்த சாக்கு. மாமா, இருவருக்கும் தம்பி, குவைத்திலிருந்து லீவில் வந்தவர், வெள்ளைப் பேண்ட். அங்கே அவர் சூப்பர்வைசர் என்று பெரியம்மா சொல்லி ஊருக்கே தெரியும். நான், மூன்றாம் வகுப்பு.

சந்தைக்குப் பின்னால் வாய்க்கால். அன்றுதான் அதில் காவேரித் தண்ணீர் வந்து சேர்ந்தது. சூடம் கொளுத்தினார்கள், பூப் போட்டார்கள். கீரைக்காரர்கள் எல்லாரும் கட்டுகளைப் புதுத் தண்ணீரில் முக்கி எடுத்து அடுக்கினார்கள். வருடா வருடம் அப்படித்தான். புதுத் தண்ணீர் பட்ட கட்டு என்றால் ஜனம் தேடி வந்து வாங்கும்.

அம்மா முக்கவில்லை.

காரணம் நான். தை மாதம் எனக்கு வயிறு உப்பிப் போய், ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். பூச்சி பூச்சியாக விழுந்தது. நர்சம்மா கேட்டார்: "புள்ள பச்சைக் கொத்தமல்லி மெல்லுமா? எந்தத் தண்ணியில அலசுறீங்க?" மறுநாளிலிருந்து அடிபம்புத் தண்ணீர்தான். வாங்குகிறவர்கள் கேட்கக் கேட்க அம்மா ஒவ்வொரு கட்டாக அலசிக் கொடுப்பாள்.

பெரியம்மாவுக்குக் கோபம். "காவேரியையே அசிங்கம்ங்கிறியாடி நீ?"

"காவேரி சுத்தந்தாங்க்கா. வழியில நாம இருக்கோம்ல."

கோடை முழுக்க ஊர் வெளிக்கு ஒதுங்கியது அந்த வறண்ட வாய்க்காலில்தான். புதுத் தண்ணீர் ஓடியதும் அதன் மேல்தான். எல்லாருக்கும் தெரியும். அன்று ஒரு நாள் மட்டும் யாருக்கும் தெரியாது.

"புதுத் தண்ணி பட்டதா?" என்று கேட்டவர்களிடம் அம்மா இல்லை என்றே சொன்னாள். நகர்ந்து போனார்கள். பத்து மணிக்குப் பெரியம்மாவின் சாக்கு காலி. அம்மாவிடம் புதினாவும் கொத்தமல்லியுமாக அறுபது கட்டு அப்படியே கிடந்தது. வெயில் ஏறினால் மாட்டுக்குத்தான்.

அப்போது கூத்தாநல்லூர் சமையல்கார பாய் வந்தார். கல்யாண வீடு. "பச்சையா அரைக்கிற சட்னி, தங்கச்சி. அறுபதையும் எடுத்துக்கிறேன். மண்ணு மட்டும் இருக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துல வேன் வந்துரும்."

அந்த நேரத்துக்குள் அம்மாவால் இருபது கட்டுதான் அலச முடியும்.

"வாய்க்கால்ல ஒரு முக்கு முக்கிக் குடுடி. பாய்க்குத் தெரியவா போவுது?" என்றாள் பெரியம்மா. பாய் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்.

"முக்க மாட்டேங்க்கா. விக்காட்டிப் போவுது."

பாய் கிளம்பத் திரும்பினார். அதுவரை நிழலில் நின்ற மாமா வாட்சைக் கழற்றி என் கையில் மாட்டினார். வெள்ளைப் பேண்ட்டை முழங்காலுக்கு மடித்தார். டீக்கடையில் மூன்று அண்டா இரவல் வாங்கி வந்து வரிசையாக வைத்தார். என்னைப் பம்பு அடிக்கச் சொன்னார்.

கட்டைப் பிரித்தார். வேரை வெட்டினார். முதல் அண்டாவில் போட்டு ஆட்டி, மண் இறங்கும் வரை விட்டார். அம்மா அண்டாவைக் கவிழ்க்கப் போனாள்.

"தண்ணிய ஊத்தாதக்கா. கீரையத் தூக்கு. ஊத்துனா அடியில கெடக்குறது திரும்ப அதுமேலேயே விழும்."

இரண்டாவது அண்டா. மூன்றாவது. தண்ணீரை மாற்றி மறுபடி முதலிலிருந்து. நின்று பார்த்துக்கொண்டிருந்த பாய் குனிந்து கேட்டார்: "எந்த ஓட்டல் தம்பி?"

மாமா நிமிரவில்லை. "குவைத்துல பாய். கூலியாளுங்க தங்குற கேம்ப்புல, கிச்சன் வேலை."

"அடப்பாவி, சூப்பர்வைசருன்னல்ல சொன்ன? ஊரெல்லாம் சொல்லிப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கேனேடா!" என்றாள் பெரியம்மா.

"கீரைக்குச் சூப்பர்வைசருக்கா."

சந்தையே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. அம்மாவும் சிரிக்கவில்லை. அவர் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்து வேர் வெட்ட ஆரம்பித்தாள்.

வேன் வந்தபோது அறுபதும் கூடையில் இருந்தன. பாய் ஓர் இலையைக் கிள்ளி மென்று பார்த்தார். அடுத்த கல்யாணத்துக்கும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மாமா ஒரு மணி நேரத்தில் அறுபது கட்டு அலசுவார் என்று எல்லாரிடமும் சொன்னேன். உலகத்தில் வேறு யாராலும் அது முடியாது என்று நினைத்தேன். குவைத்தில் நாள் முழுக்கத் தண்ணீரில் விளையாடலாம் போல என்று பொறாமையாகக்கூட இருந்தது.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகுதான் மாமாவிடம் கேட்டேன், அங்கே ஒரு நாளைக்கு எவ்வளவு அலசுவீர்கள் என்று.

நானூறு கட்டு.