சென்னைக்குப் போன என் விடுப்பு

மலேசியாவில் நான் தங்கியிருக்கும் டத்தோ கிராமாட்டில் காலைக் காப்பியைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயைக் கயிற்றால் கட்டித் தருகிறார்கள். அதை மோட்டார் சைக்கிள் கொக்கியில் மாட்டிக்கொண்டு பாலம் கடந்து புக்கிட் தெங்கா தொழிற்சாலைக்குப் போகிறேன். வந்த புதிதில் சிரித்தேன். இப்போது எரிச்சல் வருகிறது. காப்பி சிந்தாமல் வந்து சேர்கிறது, என் விடுப்பு சேரவில்லை.

நான் சென்னைக் கம்பெனியின் ஆள். இங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். விடுப்புக்கு இங்கே ஒரு வலைச்செயலி, அங்கே ஒன்று. இங்கே ஒப்புதல் ஆனதும் இந்தச் செயலி அந்தச் செயலியைக் கூப்பிட்டு, இதைப் பதிந்துகொள் என்று சொல்லும். ரிமோட் புரொசீஜர் கால் என்பார்கள். அதைச் செய்தபோதே கத்தினேன்: விடுப்பை மட்டும் அனுப்பாதீர்கள், அது யாருடையது என்று ஆளின் விவரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். சென்னை டீம் தலைவர் பிரபு கேட்கவில்லை. "ஸ்டாஃப் நம்பர் போதும் பாஸ். ஆளை எதுக்குத் தூக்கிட்டு வரணும்?" என்றார். அங்கே கூட்டத்தில் பெரியவர் சொன்னால் அதோடு முடிந்தது.

போன மாதம் அக்கா மகளுக்குக் காதுகுத்து. கூடப் பிறந்த தாய்மாமன் நான் ஒருத்தன்தான். என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். இங்கே விடுப்புகளைப் பார்க்கும் லெட்சுமியக்கா திரையைத் திருப்பிக் காட்டினார். "அப்ரூவ் ஆயிருச்சு தம்பி. போய்ட்டு வாங்க லா. வரும்போது முறுக்கு கொண்டாங்க."

சென்னையில் கேட்டால், "உங்க பேர்ல லீவே இல்லையே பாஸ்" என்கிறார் பிரபு. இங்கே எனக்கிருக்கும் நம்பர் அங்கே வேறொருவருடையது. என் விடுப்பு அவர் பெயரில் ஏறிவிட்டது. கேட்காமல் வந்த லீவை யார் விடுவார்? அந்த மனிதர் குடும்பத்தோடு ஏற்காடு போய்விட்டார்.

"மாத்துங்க."

"அவர் வந்துதான் கேன்சல் பண்ணணும். அவர்தான் லீவுல இருக்காரே."

லெட்சுமியக்காவுக்கு இது புரியவே இல்லை. "ஒரே கம்பெனிதானே? சும்மா போங்க லா. இந்தியாக்காரவங்களுக்கு எல்லாத்துக்கும் பயம்." சும்மா போனால் சென்னைக் கணக்கில் நான் ஓடிப்போனவன். வேலை போகும், கூடவே இங்கே இருப்பதற்கான பெர்மிட்டும் போகும். சரி, நான் போகவில்லை, வேலைக்கே வருகிறேன், இங்கேயாவது விடுப்பை ரத்து செய்யுங்கள் என்றேன். அதற்கும் சென்னை ஒப்புதல் வேண்டுமாம்.

அக்காவுக்குப் போன் போட்டேன். "மண்டபம், சமையல் எல்லாம் சொல்லியாச்சுடா. நீ மலேசியாக்காரன், உனக்கு நாங்க எதுக்கு?" என்று வைத்துவிட்டாள். எனக்குக் காது குத்தியபோது என் மாமா வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர். அதையும் அவளே சொல்லிக் காட்டினாள்.

காதுகுத்து அன்று காலை வேலைக்கு வந்தேன். தொழிற்சாலை கேட் என் கார்டை ஏற்கவில்லை. விடுப்பில் இருப்பவனுக்குத் திறக்காதாம். காப்பிப் பையோடு வெளியே நின்றுகொண்டு காதுகுத்தைப் போனில் வீடியோவில் பார்த்தேன். அங்கே விடிகாலை முகூர்த்தம். பெரியப்பா மகன் மணையில் உட்கார்ந்திருந்தான். நான் ஊரில் விட்டுவிட்டு வந்த கட்டம் போட்ட சட்டையை அவனுக்கு மாட்டிவிட்டிருந்தார்கள். ஊசி இறங்கியதும் குழந்தை என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு "மாமா, மாமா" என்று அலறியது. அவன் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தான். நான் கார்டை மறுபடியும் வைத்துப் பார்த்தேன்.