மாமனார் லேப்டாப்பில் கைவைத்தேன்

போன வருஷம் ஆடிப்பூரத்துக்கு முந்தின நாள். ராஜபாளையத்தில் என் மாமனார் வீடு. எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆடி பிறந்ததுமே மனைவியை அவள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். பூரத்தன்று தேர் ஓடுவது எங்கள் ஊரில்தான், மாவட்டத்துக்கே லீவு. சுற்றுப்பட்டி ஜனமெல்லாம் எங்கள் ஊருக்கு வந்து இறங்க, நான் மட்டும் எதிர்த்திசையில் பஸ் ஏறினேன். மாமனார் வீட்டு விருந்தாயிற்றே, விட முடியுமா?

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்க்கிறேன். பழைய லேப்டாப்பைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. 'இதுக்கு இனிமே அப்டேட் கிடையாது, புதுசு வாங்கிக்கோ' என்று கம்பெனிக்காரன் கைகழுவிவிட்ட மெஷினில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தை ஏற்றி ஓட வைப்பதில் அப்படியொரு சந்தோஷம். வத்திராயிருப்பில் என் அக்கா வீட்டில் ஒரு பழைய டேப்லெட், மாவுச் சட்டிக்கு மூடியாகக் கிடந்தது. அதற்கும் வேறொரு சிஸ்டத்தைத் தேடிப் பிடித்து ஏற்றிக் கொடுத்தேன். இன்றைக்கும் அத்தான் அதில்தான் தேங்காய் விலை பார்க்கிறார். என் சொந்த லேப்டாப்பில் விண்டோஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவேன். சுருக்கமாகச் சொன்னால், தலைக்கனம்.

மாமாவுக்குத் தொழில் பேண்டேஜ் துணி. வீட்டுக்குப் பின்னால் எட்டுத் தறி ஓடும். முன்னறை மேஜையில் ஒரு லேப்டாப். அன்று விருந்துச் சாப்பாடு முடிந்ததும் ஏதோ பார்க்க அதைத் திறந்தார். இந்தக் கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் ஏறாது என்று ஓர் அறிவிப்பு வந்து நின்றது. தினமும் வருமாம், தினமும் அதை மூடிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பாராம். எனக்குக் கை அரிக்கத் தொடங்கிவிட்டது.

"குடுங்க மாமா, நான் சரி பண்ணித் தாரேன்."

"உங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை சிரமம்?"

எனக்கு இதெல்லாம் ஒரு சிரமமே இல்லை என்றேன். மறுபடியும் அதையே சொன்னார். மூன்றாம் தரமும் சொன்னார். மூன்று தரமும் அவருக்கு என் மேல் எவ்வளவு அக்கறை என்றுதான் நினைத்தேன். முக்கியமான ஃபைல் ஏதும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். "அம்புட்டும் பென்டிரைவ்ல இருக்கு மாப்பிள்ளை" என்றார். அப்புறம் என்ன! வீட்டில் எல்லோரும் உண்ட மயக்கத்தில் படுத்திருந்த நேரத்தில் பழையதை மொத்தமாகத் துடைத்துவிட்டு லினக்ஸை ஏற்றினேன். சாயங்காலக் காப்பிக்கு எல்லோரும் எழுந்து வந்தபோது லேப்டாப் கண் மூடித் திறப்பதற்குள் ஆன் ஆனது. மெனுவெல்லாம் தமிழில். அத்தை வாய்விட்டுப் பாராட்டினார். மாமாவும் "ரொம்ப நல்லாருக்கு மாப்பிள்ளை" என்றார். சொல்லிவிட்டுக் காதைச் சொறிந்துகொண்டார். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மாமா குளித்து, விபூதி பூசி, மேஜைமுன் வந்து உட்கார்ந்தார். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு வருஷம் முழுக்க பேண்டேஜ் துணி சப்ளை செய்ய இணையத்தில் டெண்டர் போட வேண்டும். அன்றுதான் கடைசி நாள், மூன்று மணியோடு சரி. முன்கூட்டிப் போட்டால் ரேட் வெளியே கசிந்துவிடும் என்று கடைசி நாள்வரை காத்திருந்து போடுவதுதான் அந்தத் தெருவின் வழக்கம். எல்லாம் பூட்டித்தான் இருக்கும், யாரும் பார்க்க முடியாது என்று சொன்னாலும் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

மாமா மேஜை டிராயரிலிருந்து பென்டிரைவ் போன்ற ஒன்றை எடுத்துச் சொருகினார். அதற்கு டாங்கிள் என்று பேர். அதைச் சொருகி நம்பர் போட்டால்தான் டெண்டரில் கையெழுத்துப் போட்ட மாதிரி. கையெழுத்து இல்லாத டெண்டர் செல்லாது.

"மாப்பிள்ளை, கையெழுத்து வரலையே."

எட்டிப் பார்த்தேன். விஷயம் புரிந்துவிட்டது. அந்த டாங்கிள் வேலை செய்வதற்கென்று சில புரோகிராம்களை அதை விற்றவர் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்திருந்திருக்கிறார். முந்தின நாள் மத்தியானம் நான் துடைத்தெறிந்ததில் அதுவும் சேர்த்தி. நான் ஃபைலைக் கேட்டேனே தவிர, இதில் எதைச் சொருகி என்ன வேலை பார்ப்பீர்கள் என்று கேட்கவே இல்லை.

"அஞ்சு நிமிஷம் மாமா" என்று உட்கார்ந்தேன். லினக்ஸிலும் அந்த டாங்கிள் ஓடும் என்று எங்கேயோ போட்டிருந்தது. இறக்கி ஏற்றினேன். டாங்கிளை லேப்டாப் அடையாளம் கண்டுகொண்டது, டெண்டர் வெப்சைட் கண்டுகொள்ளவில்லை. பதினொன்றரை ஆயிற்று. விண்டோஸையே திரும்ப ஏற்றிவிடலாம் என்றால், அதை இறக்கவே மூன்று மணி நேரம் காட்டியது. என் சொந்த லேப்டாப்பை எடுக்கலாம் என்றால், அதில்தான் விண்டோஸ் என்ற பேச்சுக்கே இடமில்லையே! எங்கள் கல்லூரி லேப் லீவில் பூட்டிக் கிடந்தது. பிரவுசிங் சென்டர்காரரும் தேருக்காக மூடிவிட்டார். டாங்கிளை விற்றவருக்குப் போன் போட்டால், அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் வடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கொட்டுச் சத்தத்தில் நான் சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை. தேர் நிலைக்கு வந்ததும் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அந்த வீட்டில் ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை. புது மாப்பிள்ளையை எப்படித் திட்டுவது? அத்தை முறுக்கு கொண்டுவந்து வைத்தார். செத்த நேரம் கழித்து வடை. பொறவு ஒரு டம்ளர் பாதாம் பால். நிலைமை மோசமாக ஆக ஆகத் தட்டுகள் கூடிக்கொண்டே போயின. மாமா மீசையைத் தடவிக்கொண்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "பரவால்ல மாப்பிள்ளை, நீங்க சாப்பிடுங்க" என்று வேறு சொன்னார். ஒவ்வொரு தடவையும் நான் இன்னொரு முறுக்கை எடுத்துக் கடித்தேன். நானும் லேசுப்பட்டவன் இல்லை. தப்பு பண்ணிவிட்டேன் என்ற வார்த்தையை விழுங்கிவிட்டு, "அஞ்சு நிமிஷம் மாமா" என்பதையே பன்னிரண்டு தடவை சொல்லியிருப்பேன்.

மனைவி என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து பேண்டேஜ் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த ஆர்டர் வந்தாத்தான் எட்டும் வருஷம் பூரா ஓடும். வரலைன்னா நாலை நிறுத்தணும்னு அப்பா போன வாரமே சொன்னாரு. எங்கப்பா கோவத்துல கத்துனா பயப்பட வேண்டாம். கத்தாம இருக்காரு பாருங்க, அதுக்குத்தான் பயப்படணும்."

அப்புறம் குரலைத் தணித்து இன்னொன்றும் சொன்னாள். எதிர்வீட்டுக்காரரும் பேண்டேஜ் துணிதான் போடுகிறார். அவரும் இதே ஆளிடம்தான் டாங்கிள் வாங்கினார். அவருடைய கம்ப்யூட்டரில் இது வேலை செய்யும். ஆனால் அவரும் இதே டெண்டருக்குத்தான் போடுகிறார். அதோடு, இங்கே வேலை பார்த்த தறிக்காரர் ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்ததிலிருந்து இரண்டு வீட்டு ஆண்களுக்கும் நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. எங்கள் கல்யாணத்துக்குக்கூட அவர் வீட்டம்மா மட்டும்தான் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனார்களாம்.

மாமாவிடம் கேட்டால் செத்தாலும் போகமாட்டார் என்று தெரியும். நான் கேட்கவில்லை. செருப்புகூட மாட்டாமல் தெருவைத் தாண்டினேன். மணி ஒன்று.

எதிர்வீட்டுக்காரருக்கு வீட்டில் பேசுவது தெலுங்கு. கம்ப்யூட்டர் முன்னால் காகிதங்களைப் பரப்பிவைத்துத் தன் டெண்டரைப் போடத்தான் தயாராகிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "ரண்டி அல்லுடுகாரு!" என்று நாற்காலியை விட்டு எழுந்தார். வாங்க மாப்பிள்ளை என்று அர்த்தம். இங்கேயும் மாப்பிள்ளையா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க மாமனார் என்ன சொன்னாரு?"

"முறுக்கு சாப்பிடச் சொன்னாரு."

அவ்வளவுதான், மனிதர் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே தெருவில் இறங்கி, எங்கள் மாமா வீட்டு வாசலில் போய் நின்றார். நாலு வருஷத்துக்குப் பிறகு!

"யோவ், அந்த டாங்கிளை எடுத்துட்டு வாய்யா. மணியாகுது."

மாமா வாசலுக்கு வந்து அவரைப் பார்த்தார், அவர் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு டாங்கிளோடு வந்துவிட்டார்.

எதிர்வீட்டுக்காரர் தன் காகிதங்களை ஒதுக்கிவிட்டு மாமாவை நாற்காலியில் உட்கார வைத்தார். "நீ முதல்ல போடு. நான் வெளிய நிக்கேன். ரேட்டு போட்டு முடிச்சிட்டுக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு, வாசலில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். டாங்கிளைச் சொருகியதும் கையெழுத்து வந்தது. ஆனால் கடைசி நாள் கூட்டத்தில் வெப்சைட் நத்தையாக நகர்ந்தது. மாமாவின் டெண்டர் ஏறி ரசீது வரும்போது மணி இரண்டு இருபது. அதுவரை வாசலில் நின்றவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அப்புறம் அவர் உட்கார்ந்தார். காரியம் முடிந்ததென்று மாமா வீட்டுக்குப் போகவில்லை. அவரும் அதே வாசலில் அதேபோல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இரண்டு நாற்பதுக்கு வெப்சைட் ஒரேயடியாக நின்றுவிட்டது. என் ஒருத்தனால் இரண்டு வீட்டுத் தறியும் நிற்கப் போகிறது என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டு ஐம்பத்திரண்டுக்கு உள்ளேயிருந்து "அய்ப்போயிந்தி!" என்று சத்தம் வந்தது. முடிந்துவிட்டதாம். மாமா அப்போதுதான் திரும்பினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தோம். மாமா ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். சொம்பை 'ணங்'கென்று வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"ஏலே! கூறுகெட்டவனே! எதுக்கு சிரமம் எதுக்கு சிரமம்னு மூணு மட்டம் சொன்னேனே, காதுல என்னத்தலே வச்சிருந்த? ஒரு பொருளைத் தொடுமுன்ன அதுல என்ன வேலை நடக்குன்னு கேக்க மாட்டியாலே? தறி நின்னா அந்தப் பொம்பளைப் பிள்ளையளுக்கு யாருலே பதில் சொல்லுவா?"

தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்கும். அத்தை பதறிப்போய் "என்னங்க, மாப்பிள்ளையப் போயி..." என்றார்.

"மாப்பிள்ளையாவது மண்ணாங்கட்டியாவது!"

அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கோ, காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. "தப்புதான் மாமா" என்றேன். அன்றைக்கு முழுநாளில் அவரிடம் நான் பேசிய முதல் உண்மை அது. ஓரத்தில் நின்ற மனைவி களுக்கென்று சிரித்துவிட்டாள். மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "சரி, கையக் கழுவிட்டு வாலே. நானும் இன்னும் சாப்பிடல" என்றார். மூன்றரை மணிக்கு ஒரே பந்தியில் உட்கார்ந்து ஆறிப்போன சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டோம். அதைப் போல ஒரு விருந்தை நான் இன்னும் சாப்பிடவில்லை.

ஆர்டர் யாருக்குக் கிடைத்தது என்று கேட்பீர்கள். மாமாவுக்குத்தான். எட்டுத் தறியில் நெய்து முடிக்க முடியாத அளவுக்குப் பெரிய ஆர்டர், அதனால் பாதித் துணியை எதிர்வீட்டில் நெய்யக் கொடுத்தார். டெண்டருக்கென்று வேறு லேப்டாப் வந்துவிட்டது. நான் துடைத்த லேப்டாப் இப்போது தறிக்கூடத்தில் நூல் கணக்கு பார்க்கிறது, பாட்டும் பாடுகிறது. எதிர்வீட்டுக்காரர் தன் பழைய டேப்லெட்டைக் கொண்டுவந்து "இதுக்கும் உயிர் குடு அல்லுடு" என்றார். கொடுத்தேன். ஆனால் கை வைக்குமுன் அரைமணி நேரம் அவரை உட்கார வைத்து, இதில் காலையிலிருந்து சாயங்காலம்வரை என்னென்ன செய்வீர்கள், எதையெல்லாம் சொருகுவீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். இப்போது யார் மெஷினைக் கொடுத்தாலும் அப்படித்தான். யாராவது "உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்றால் உடனே கையை எடுத்துவிடுகிறேன்.

ஒரு விஷயம் மட்டும் மாறவில்லை. எப்போதாவது மாமா எழுந்து நின்று "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க" என்றால் எதைக் கெடுத்துவைத்தேனோ என்று எனக்கு உள்ளுக்குள் உதறும். "வாலே" என்று கூப்பிட்டால்தான் என் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறது.