சத்தம் போடலாம் கச்சேரி

எங்கள் இசை அரங்கத்தில் வாசல் கதவுக்குப் பொறுப்பாக இருந்தவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உஷ்ஷக்கா என்றால்தான் தெரியும். டிக்கெட் கவுன்டரில் உட்காரும் நான் உள்பட எல்லோரும் முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொல்வோம். நேரில் சொல்ல எவருக்குத் துணிச்சல் இருந்தது?

செல்லோ வாத்தியம் மெதுவாக இழையும் நேரம் பார்த்து எவராவது மிட்டாய்த் தாளைப் பிரித்தால், அடுத்த நொடி உஷ்ஷக்கா அந்த வரிசையின் ஓரத்தில் நிற்பார். ரப்பர் செருப்பு என்பதால் வந்ததே தெரியாது. ஒரு விரல் உதட்டுக்குப் போகும். கையில் ஒரு டப்பா, அதில் ஏற்கெனவே தாள் உரித்த இருமல் மிட்டாய்கள். இருமுகிறவருக்கு ஒன்று தருவார். அப்படியும் அடங்காதவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போவார். இதில் பெரிய மனிதர், சின்ன மனிதர் என்ற பேதமெல்லாம் கிடையாது. எங்கள் அரங்கத்தின் தலைவரே ஒருமுறை இருமிவிட்டு மிச்சக் கச்சேரியை என் கவுன்டரில் உட்கார்ந்து கழித்தார். வீட்டில் குக்கர் விசில் அடித்தாலும் விரல் வைப்பார் என்று அக்காவின் கணவர் சொல்வார். நான் நம்பினேன்.

அக்காவுக்கு ஒரு தங்கை. முன்கூடத்தில் பை, குடைகளை வாங்கி வைத்து டோக்கன் கொடுப்பது அவள் வேலை. தங்கைக்கு வாய் சும்மா இருக்காது. பாட்டு காதில் விழுந்தால் போதும், தொண்டை தானாகக் கூடவே கிளம்பிவிடும். வாய்க்குள் பாடுவதாக அவள் நினைப்பு. நாலு வரிசை தள்ளிக் கேட்கும். வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை டிக்கெட் வாங்கி உள்ளே போய் உட்கார்ந்தாள். அக்காவே வந்து விரல் வைத்தார், பிறகு கையைப் பிடித்தார். அன்றைக்குப் பை அறையில் வந்து உட்கார்ந்தவள்தான். அங்கே சுவரில் ஓர் ஒலிபெருக்கி உண்டு, உள்ளே வாசிப்பது அதில் வரும். குடைகளுக்கு நடுவே அந்தக் கரகரப்புப் பெட்டியைக் கேட்டுக் கேட்டே எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

எனக்கு நெடுநாளாக ஒரு குறுகுறுப்பு. எந்நேரமும் உள்ளேயே நிற்கிற அக்காவுக்கு இசை எவ்வளவு தெரியும்? ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நேத்து வாசிச்சதுல எது நல்லா இருந்துச்சு, அக்கா?"

"அதை நான் எங்க கேட்டேன்? மூணாவது வரிசையில ஒரு நாற்காலி கிறீச்சுன்னுச்சு. அதைத்தான் கேட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் காது முழுக்க ஆட்கள் மேல்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

இதற்கிடையில் கூட்டம் குறைந்துகொண்டே போனது. புதிதாக வந்த மேலாளர், வயதில் சின்னப் பெண், எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கைக்குழந்தைக்காரர்கள், தீராத இருமல்காரர்கள், அசையாமல் உட்கார முடியாதவர்கள் என்று பாதி ஊரை நாமே வாசலில் பயமுறுத்தி அனுப்பிவிட்டோம் என்றார். இனி மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் அவர்களுக்கென்றே கச்சேரி. விளக்கு முழுதாக அணையாது. எழுந்து நடக்கலாம், சத்தம் போடலாம்.

"அப்ப நான் என்ன செய்யணும், மேடம்?" என்றார் அக்கா.

"ஒண்ணும் செய்ய வேண்டாம்க்கா. சிரிச்ச முகமா நின்னா போதும்."

அதைவிடக் கதவைப் பிடுங்கி வேறிடத்தில் வைக்கச் சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலமே தங்கை என் கவுன்டருக்கு வந்தாள். "எனக்கு ஒரு டிக்கெட் குடுங்க. ஓரமா வேண்டாம், நடுவுல." அக்கா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். தங்கை அவர் பக்கம் திரும்பினாள். "இந்தத் தடவை என்னை வெளிய அனுப்பினா, அப்புறம் நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். வேலைக்கும் வரமாட்டேன். யோசிச்சுக்கோ."

"நான் ஏண்டி அனுப்பப்போறேன்?" என்றார் அக்கா. குரலில் உறுதி போதவில்லை. தங்கை சொன்னால் செய்கிறவள்.

ஞாயிறு வந்தது. கவுன்டரைப் பூட்டிவிட்டு நானும் கதவோரம் போய் நின்றேன், வேடிக்கை பார்க்கத்தான். குழந்தைகள் நாற்காலிகளுக்கு நடுவே ஓடின. ஒரு பெரியவர் அடிவயிற்றிலிருந்து இருமினார். அக்கா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பல்வலிக்காரர் மாதிரி சிரித்தபடி நின்றார். முதல் பகுதியை எப்படியோ சமாளித்துவிட்டார்.

பிறகு வயலின்கள் ஓய்ந்து ஒரே ஒரு புல்லாங்குழல் தனியாக மெட்டை எடுத்தது. என்ன மாயமோ, குழந்தைகள்கூட அடங்கிவிட்டன. அந்த அமைதியில் நடுவரிசையிலிருந்து தங்கையின் பாட்டு கிளம்பியது, குழலுக்கும் ஒரு கணம் முந்திக்கொண்டு. அக்காவின் கால்கள் நடந்துவிட்டன. விரல் உதட்டுக்குப் போய்விட்டது. பழக்கதோஷம்.

தங்கை பார்த்தாள். வாயை மூடினாள். எழுந்து, யார் காலையும் மிதிக்காமல் வரிசையைக் கடந்து வெளியே போனாள். ஆளாளுக்குச் சத்தம் போட்ட இடத்தில் வெளியே போனவள் அவள் ஒருத்திதான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அக்கா அப்போதுதான் தன் விரலைப் பார்த்தார். முன்கூடத்துக்கு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன்.

தங்கை டோக்கன்களை மேசைமேல் வைத்துவிட்டுத் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கியில் குழல் கரகரத்தது. அக்கா வாசலை மறித்து நின்றார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன்.

"அது அடுத்து எப்படிப் போகும்?" என்றார்.

"எது?"

"நீ பாடினது. குழலுக்கு முன்னாடியே பாடினியே."

தங்கை முறைத்தாள். "இத்தனை வருஷமா உள்ளயே நிக்கிற. உனக்குத் தெரியாதா?"

"தெரியாதுடி. சத்தியமா தெரியாது. நான் ஒரு நாளும் கேட்டதில்ல."

தங்கை பையைக் கீழே வைக்கவில்லை. ஆனால் பாடிக் காட்டினாள். குழல் கீழே இறங்கும், சட்டென்று நின்றுவிடும், முடிந்துபோச்சு என்று நினைக்கும்போது வயலின்கள் மொத்தமும் திரும்ப எடுக்கும். "இப்பப் போனது போயிடுச்சு. கடைசியில இன்னொரு தடவை வரும்," என்றாள்.

"வா. அதை நேர்ல கேக்கணும்." அக்கா மிட்டாய் டப்பாவை என் கையில் திணித்தார். "கதவைப் பாத்துக்கோ."

இருவரும் நடுவரிசையில் போய் உட்கார்ந்தார்கள். கடைசியில் குழல் மறுபடி எடுத்தது, இறங்கியது, நின்றது. அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது.

"இதுதானே நீ சொன்ன எடம்?" என்று அக்காவின் குரல் கணீரென்று கேட்டது.

எல்லாத் தலைகளும் திரும்பின. தங்கை அதைவிட உரக்கச் சொன்னாள்.

"ஆமாக்கா. இப்பக் கேளு."