காற்றடிக்கும் மேசை

என் அக்காவுக்குத் தொழிற்சாலையில் ‘கடைசி கேட்’ என்று பட்டப்பெயர். சக்கர நாற்காலி செய்யும் இடம் அது. மேசை மேசையாக நகர்ந்து வரும் நாற்காலியைக் கடைசியாகப் பார்த்து, சரி என்று ஸ்டிக்கர் ஒட்டுபவள் அவள். ஒட்டியதை வேனில் ஏற்றி மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோகிறவன் நான். ஒரே மாடியில் குடியிருக்கிறோம். வீட்டிலும் அவளுக்கு இதே வேலைதான். நான் பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்ப்பாள். அடுப்பை அணைத்துவிட்டேன் என்று மாமா சொன்னால், சொன்னதற்காகவே எழுந்து போய்ப் பார்ப்பாள். பாவம், மாமா இப்போதெல்லாம் வாயையே திறப்பதில்லை.

அவளிடம் வரும் நாற்காலிகளில் பாதிக்கு மேல் பிரேக் சரியாக விழாது. பூட்டிய மாதிரி நிற்கும். உட்கார்ந்தவர் எழுந்திருக்கப் பார்த்தால் பட்டென்று விட்டுவிடும். அக்கா யாரிடமும் சொல்லமாட்டாள். இடுப்பிலிருந்து ஸ்பானரை எடுத்து, மண்டியிட்டு, தானே திருகிச் சரிசெய்து ஸ்டிக்கரை ஒட்டிவிடுவாள். வாயால் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் ரெண்டைச் சரிசெய்துவிடலாமே என்பது அவள் கட்சி. மற்றவர்களுக்கும் இது வசதியாகப் போயிற்று. அக்கா பார்த்துக்கொள்வார் என்று கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிட்டார்கள். அலுவலகச் சுவரில் ‘பழுது: இல்லை’ என்று பலகை வேறு. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதனால் அக்காவால் லீவு போட முடியவில்லை. மகளின் முதல் பிரசவத்துக்கே போகவில்லை. தான் இல்லாத நாளில் ஒரு நாற்காலி அப்படியே வெளியே போய், யாராவது கீழே விழுந்துவிட்டால் என்ற பயம். குழந்தை தவழ ஆரம்பித்த பிறகுதான் போய்ப் பார்த்தாள். இப்போது மகளுக்கு இரண்டாவது. வெளியூரிலிருந்து போன் செய்தாள்.

“அம்மா, நீ வரலன்னா பரவால்ல. வர்றேன்னு மட்டும் சொல்லாத.”

அக்கா போனை வைத்துவிட்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே குறைவு.

மறுநாள் காலை சூப்பர்வைசரிடம் லீவு கேட்டாள். நல்ல மனிதர்தான், ஆனால் தலையைச் சொறிந்தார். நீங்கள் போய்விட்டால் யார் பார்ப்பது என்று கேட்டார். அந்தக் கேள்விதான் அவளைக் கிளப்பிவிட்டது. ஸ்பானரை அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். அன்றைக்குப் பிரேக் விழாத ஒவ்வொரு நாற்காலியையும் ஓரமாகத் தள்ளினாள். மதியத்துக்குள் நடைபாதை அடைத்துக்கொண்டது. சாப்பிடப் போகிறவர்கள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போனார்கள். என் வேன் காலியாக நின்றது. சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

“என்னம்மா இது, இன்னைக்கு மட்டும் இவ்வளவு பழுதா?”

“தினமும் இவ்வளவுதான் சார். நான் வெளிய காட்டல.”

கத்துவார் என்று நினைத்தேன். அவரோ வேலையை நிறுத்தச் சொன்னார். ஒரு புது நாற்காலியை எடுத்துக்கொண்டு, முதல் மேசையிலிருந்து எல்லோரும் அதன் பின்னாலேயே போனோம். பிரேக் பொருத்தும் மேசையில் அது கச்சிதமாகப் பூட்டியது. பொருத்தியவர் நெஞ்சை நிமிர்த்தினார். அடுத்த மேசையில் டயருக்குக் காற்றடித்தார்கள். அதே பிரேக் பாதியில் நின்றது. காற்றில்லாத டயருக்கு அளவு வைத்தால், டயர் உப்பிய பிறகு எப்படி முழுசாக விழும்?

காற்றடிக்கும் மேசை முன்பெல்லாம் பிரேக்குக்கு முன்னால்தானே இருந்தது என்று பெயிண்டர் கேட்டார். அப்போதுதான் எல்லோருக்கும் பொறி தட்டியது. எப்போதோ ஒரு மழையில் கூரை ஒழுகியது. கம்ப்ரசர் நனையக் கூடாதென்று மேசையை அந்தப் பக்கம் தள்ளிப் போட்டிருந்தார்கள். பிறகு கூரையைச் சரிசெய்தார்கள், மேசையை மறந்துவிட்டார்கள். அக்காவின் முழங்கால் தேய்ந்ததெல்லாம் இதற்குத்தான். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

நாலு பேர் சேர்ந்து மேசையைத் தூக்கிப் பழைய இடத்தில் போட்டார்கள். அன்று சாயங்காலம் வந்த நாற்காலிகளில் பிரேக் ஒழுங்காக விழுந்தது. இனிமேல் யார் கண்ணில் பழுது பட்டாலும் அங்கேயே வேலையை நிறுத்திச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. சூப்பர்வைசர் சுவரிலிருந்த பலகையைத் தன் கையாலேயே கழற்றினார். இருக்கை தைக்கும் பெண் ஒருத்திக்குக் கடைசி மேசை வேலையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அக்கா ரயிலேறினாள்.

போன கையோடு தினமும் எனக்குப் போன். மகளைப் பற்றி ஒரு வார்த்தை, பிரேக்கைப் பற்றி ஒன்பது. அப்புறம் திடீரென்று போனே வரவில்லை. நானே கூப்பிட்டேன். பேத்தி பிறந்திருக்கிறாளாம். நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து முதலில் கொடுத்தது தன் கையில்தானாம். மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனவள் கொஞ்சம் தயங்கினாள்.

“ஏன்டா, அங்க என்னை யாராவது தேடினாங்களா?”

ஒரு பொய் சொல்லி வைக்கலாமா என்று யோசித்தேன். மனசு வரவில்லை.

“இல்லக்கா. ஒருத்தர்கூடத் தேடல.”

கோபித்துக்கொண்டாளோ என்று பயந்துவிட்டேன். பிறகு ஒரு பெருமூச்சு கேட்டது.

“அப்பாடா,” என்றாள். “அப்போ என் டிக்கெட்ட மாத்திடு. இன்னும் கொஞ்ச நாள் இவ கூட இருந்துட்டு வரேன்.”