என் பெயரில் கிடந்த அண்ணி

எஸ்டேட் ஆஸ்பத்திரியின் பச்சைக் கதவு இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அதன் முன்னால், கம்பளியில் சுற்றிய அண்ணியைக் கையில் ஏந்திக்கொண்டு என் அண்ணன் நின்றான். அண்ணிக்கு ஆறு மாதம். தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளுக்கு மலையிலேயே உதிரம் போக ஆரம்பித்துவிட்டது. கம்பளி நனைந்து படியில் சொட்டியது.

"பேரு பதிஞ்ச ஆளுங்களா? இல்லீனா கூடலூருக்குக் கொண்டு போயிருங்க" என்றார் புதிதாக வந்திருந்த கம்பவுண்டர். இலங்கையிலிருந்து அப்பாவோடு முதலில் வந்த நான் இந்தச் சேரம்பாடி எஸ்டேட்டில் பெயர் பதிந்த நிரந்தரத் தொழிலாளியாகிவிட்டேன். அண்ணனும் அண்ணியும் பிந்திய கப்பலில் வந்த தினக்கூலிகள். தினக்கூலிக்கு அங்கே கட்டில் கிடையாது. கூடலூர் பஸ் சாயங்காலம்தான். எஸ்டேட் மேனேஜர் தொரையின் பங்களா ஜீப் கண்ணெதிரே சும்மா நின்றது; போய்க் கேட்க எங்களில் யாருக்கும் தைரியமில்லை.

அண்ணன் என்னைப் பார்த்தான். எதற்கென்று புரிந்துவிட்டது. எனக்குப் பத்தொன்பது வயது. மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். கர்ப்பம் கலைந்ததென்று என் பெயரில் எழுதிவிட்டால் என்ன ஆவது? எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அண்ணியின் கை கம்பளியிலிருந்து நழுவித் தொங்கிய பிறகுதான், அவள் பெயர் இதுவென்று என் பெயரைச் சொன்னேன்.

பிள்ளை தங்கவில்லை. அண்ணி நான்கு நாள் அங்கே கிடந்தாள். ஆஸ்பத்திரியில் கிடப்பதாக எழுதப்பட்ட நான் மலையில் நிற்க முடியுமா? கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்துக்குள் ஒளிந்திருந்தேன். வெளியே சூப்பர்வைசரின் பூட்ஸ் சத்தம் கேட்டாலே அடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன்.

இப்போது அந்தச் சாலையில் சொகுசு விடுதிகள் வந்துவிட்டன. விருந்தாளிக்குத் தலை சுற்றினால்கூட ஆம்புலன்ஸ் பறந்து வருகிறது. எங்கள் பழைய லயத்தில் வடக்கேயிருந்து வந்த கூலிக்காரர்கள் இருக்கிறார்கள். போன மாதம் அவர்களில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டு, ஆட்டோவில் நான்தான் கூட்டிப்போனேன். கண்ணாடிக் கதவு போட்ட ஆஸ்பத்திரி. அங்கேயும் முதலில் அடையாள அட்டையைத்தான் கேட்டார்கள். அந்தப் பெண் என் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நான்கு நாள் கழித்து லயத்துக்குத் திரும்பி வந்த அன்று அண்ணியும் என் கையை அப்படித்தான் பிடித்துக்கொண்டாள். "நான் செத்தா உன் பேருலதானே சாவ எழுதுவாங்க, புள்ள? அந்தப் பயத்துலயே உசுரப் புடிச்சிகிட்டுக் கெடந்தேன்" என்றாள்.

அந்த நான்கு நாளும் நானும் அதற்காகத்தான் பயந்துகொண்டிருந்தேன். அவள் உயிருக்காக இல்லை. இதை அவளிடம் இன்றுவரை சொன்னதில்லை.