தாத்தாவின் பயோனெத்

சைகோனில் பிறந்து வளர்ந்தவள் என்று நான் சொன்னால் போதும், தமிழ்நாட்டில் எல்லோரும் உடனே வட்டிக்கடையைப் பற்றித்தான் கேட்பார்கள். அங்கிருந்த தமிழர்கள் எல்லோருமே லேவாதேவி செய்தவர்கள் என்று நினைப்பு. எங்கள் வீட்டில் வட்டியும் இல்லை, கடையும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு பயோனெத்தும், அதைப் பற்றி அப்பா சொல்லும் கதையும்தான்.

பயோனெத் என்றால் துப்பாக்கி முனையில் செருகிக் குத்துகிற ஆயுதம். எங்களுடையது முழ நீளத்துக்குக் கம்பி போல ஒல்லியாக இருக்கும். அப்பாவின் அப்பா காரைக்காலில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, முதல் உலகப் போருக்குப் போய், திரும்பும்போது கொண்டுவந்தது. எப்படிக் கொண்டுவர விட்டார்கள் என்று கேட்டால் அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அதன் முனையில் ஒரு கறுப்புக் கறை உண்டு. எதிரியின் ரத்தம் என்பார் அப்பா. ஆயுத பூஜைக்கு அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து நடுநாயகமாக நிறுத்துவார். அம்மாவின் அரிவாள்மணைக்கு ஓர் ஓரத்தில்தான் இடம். அம்மா சிரிப்பை அடக்கிக்கொள்வாள்.

வடக்கு வியட்நாம் படை சைகோனைப் பிடித்து ஆட்சி மாறியதும், ஆயுதம் வைத்திருப்பவர்கள் ஒப்படைக்க வேண்டும் என்று தெருவில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார்கள். பிரெஞ்சுக்காரர்களோடோ அமெரிக்கர்களோடோ ஒட்டி உறவாடியவர்களைத் திருத்துகிறோம் என்று ‘படிப்பு’ முகாமுக்கு அழைத்துப்போன காலம் அது. போனவர்கள் எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வீட்டுக்காரர் போனவர் போனவர்தான்.

“என்னங்க, அதக் கொண்டுபோயிக் குடுத்துடுங்க” என்று அம்மா கெஞ்சினாள்.

“எங்கப்பா உசுரக் குடுத்துச் சம்பாதிச்சது. குடுக்க மாட்டேன்.”

தாத்தா உயிரோடு திரும்பி வந்து, சைகோனில் வேலை பார்த்து, வயதான காலத்தில் சர்க்கரை வியாதியில் செத்தார் என்பதை இவரிடம் யார் சொல்வது? பயோனெத் சுவரிலேயே தொங்கியது.

அதைப் பார்க்க ஆள் வருவதற்குள் ரேஷனில் அரிசி குறைந்து, போபோ என்ற தானியம் வர ஆரம்பித்திருந்தது. மாட்டுத் தீவனம் என்று தெருவே திட்டியது. அம்மா ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, “அட, சோளம்!” என்றாள். மற்றவர்கள் அதை முழுசாக வேகவைத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்தபோது, எங்கள் வீட்டில் இடித்துத் தோசை வார்த்தோம். அன்றும் அவள் உரலில் சோளம் இடித்துக்கொண்டிருந்தாள். வீடு வீடாகச் சோதனை போட்டு வந்த அதிகாரி, வடக்குப் பேச்சுப் பேசும் நடுவயதுக்காரர், சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“இது யாருடையது?”

அப்பாவுக்கு வியட்நாமிய மொழி சுமாராகத்தான் வரும். ஆபீஸில் எல்லாம் பிரெஞ்சிலேயே ஓட்டியவர். நெஞ்சை நிமிர்த்தி, அந்தப் பிரெஞ்சிலேயே, “என் தந்தை பிரான்ஸின் படைவீரர்” என்று ஆரம்பித்தார். பிரான்ஸ் என்ற சொல் அதிகாரிக்கு நன்றாகவே புரிந்துவிட்டது.

அம்மா கையில் மாவோடு ஓடிவந்தாள். அவளுடைய சந்தை வியட்நாமிய மொழி வெகு சரளம். “அவர் சொல்றத நம்பாதீங்க. எங்க மாமனார் சமையல்காரரு. படைக்குச் சோறாக்கப் போனவரு. துப்பாக்கியே பிடிச்சதில்ல.”

“அப்படியென்றால் இது எதற்கு?”

“இறைச்சியக் கோத்து நெருப்புல வாட்ட. முனையப் பாருங்க, எரிஞ்சு கறுத்திருக்கு.”

அதிகாரி அதை இறக்கி, முனையை நகத்தால் சுரண்டினார், முகர்ந்துகூடப் பார்த்தார். அப்புறம் சிரித்தே விட்டார். போர்க்காலத்தில் காட்டில் இருந்தபோது தாங்களும் இப்படித்தான் வாட்டித் தின்றோம் என்றார். அடுப்படிச் சாமானாக இருந்தாலும் விட்டுவிட்டுப் போக முடியாது என்று எடுத்துக்கொண்டார். அப்பாவை வரச் சொல்லவில்லை. அம்மா கொடுத்த சோளத் தோசையை நின்றபடியே தின்றுவிட்டுப் போனார்.

அப்பா வெறும் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அவ்வளவு சின்னவராகத் தெரிந்ததே இல்லை. எனக்கு அம்மாமேல் ஆத்திரமாக வந்தது. காப்பாற்றினாள், சரி. வேறு பொய் கிடைக்கவில்லையா?

“நீயாச் சொன்னதுதானே?” என்றார் அப்பா கடைசியில்.

“இல்லங்க. கல்யாணமாகி வந்த புதுசுல மாமாவே சொன்னதுதான்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சின்னப் புள்ளையில நீங்கதான் இது ரத்தமாப்பான்னு கேட்டீங்களாம். சும்மாத் தலையாட்டி வச்சாராம். மறுநாளே பள்ளிக்கூடம் பூராச் சொல்லிட்டீங்களாம். அப்புறம் மாத்திச் சொல்ல அவருக்கு மனசு வரல.” உரலில் மிஞ்சிய மாவை வழித்தபடி, “எனக்குந்தான்” என்றாள்.

இரவு சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா, “நல்லாச் சமைப்பாரா?” என்று கேட்டார்.

“நீங்க கேட்டுக் கேட்டுச் சாப்புடுற மீன் குழம்பு இருக்கே, அது அவரு சொல்லிக்குடுத்ததுதான்.”

அப்பா தட்டைப் பார்த்தபடி வெகுநேரம் மென்றார்.

சில மாதங்கள் கழித்து, சந்தைக்குப் பக்கத்து மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம். ஊரைவிட்டுப் போகாமல் அங்கே மிச்சமிருந்த தமிழர் சிலரில் ஒருவரான செட்டியார், “உங்க அப்பச்சி பட்டாளத்துல இருந்தவுகளாமே?” என்று அப்பாவைக் கேட்டார். நானும் அம்மாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

“ஆமாங்க” என்றார் அப்பா. நெஞ்சு பழையபடி நிமிர்ந்திருந்தது. “சமையக்காரரு. தலைக்கு மேல குண்டு பறக்கும், அவரு பாட்டுக்குப் பரிமாறிக்கிட்டே இருப்பாரு. அந்தச் சண்டை முடியுற வரைக்கும் எங்கப்பா படையில ஒரு ஆளு பட்டினி கெடந்ததில்ல.” சொல்லிவிட்டு அம்மா பக்கம் திரும்பினார். “இல்லையா?”

தாத்தா அம்மாவிடம் அப்படியொரு வார்த்தை சொன்னதே கிடையாது.

“ஆமாங்க, ஒரு ஆளுகூட இல்ல” என்றாள் அம்மா.