நாற்பத்தேழாம் தாள்

நான் வேலை பார்த்த அச்சகத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சாக்கடைக் கால்வாய் ஓடியது. அதன் கரையில் எண்பது தொண்ணூறு குடிசைகள் இருந்தன. டில்லியில் அவற்றை ஜுக்கி என்பார்கள். அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் தென்னாற்காட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்த தமிழர்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் பைண்டிங் பிரிவில் தாள் மடித்துத் தைத்துக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் தமிழில் சண்டை நடக்கும், சிரிப்பு கேட்கும், யாராவது குழந்தையை அதட்டுவார்கள். எட்டு வருடம் கேட்டிருக்கிறேன். ஒரு நாள்கூட அங்கே போய் யாரிடமும் பேசியதில்லை.

எனக்குப் பேச வராது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். பதினோராம் வகுப்போடு படிப்பு முடிந்தபோது, இனி எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் முதலில் தோன்றியது. கரோல் பாகில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன். காலையில் பஸ், பிறகு வேலை, சாயங்காலம் மறுபடி பஸ். யூனியனில் சேர்ந்ததுகூட, சேரச் சொன்னவரிடம் முடியாது என்று சொல்லத் தெரியாததால்தான்.

எங்கள் யூனியன் செயலாளர் மீரட் பக்கத்துக்காரர். பெரிய உருவம், அதைவிடப் பெரிய குரல். அவசரநிலை வந்ததும் அந்தக் குரலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கேட் மீட்டிங் கிடையாது, கோஷம் கிடையாது, வேலைநிறுத்தம் என்ற சொல்லையே யாரும் வாயில் எடுப்பதில்லை. இரண்டு மாதம் அவர் பேசாமல் வந்து போனார். பிறகு ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் எங்களைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டார்.

"சண்டை போடக் கூடாது, சரி. சேவை செய்யலாம் இல்லையா? அதுக்கு யாரு தடை போடுவாங்க?" என்றார்.

ஜுக்கிப் பெண்கள் தினமும் எங்கள் கேட்டுக்குக் குடத்தோடு வந்து நிற்பார்கள். காவலாளி சில நாள் விடுவான், சில நாள் விரட்டுவான். அவர்களுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டுத் தரச் சொல்லி அரசாங்க அலுவலகத்தில் மனுக் கொடுப்பது என்று முடிவாயிற்று.

"வெறும் காகிதமா குடுத்தா குப்பையில போடுவாங்க. புத்தகமா குடுத்தா எவன் போடுவான்? நாம அச்சகத்துக்காரங்க, பாய்!"

அதுதான் திட்டம். ஒவ்வொரு குடிசைக்கும் ஒரு தாள். அதில் குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர், என்ன வேலை, எந்த ஊர், எத்தனை வருடமாக டில்லியில் இருக்கிறார்கள் என்று கட்டம் போட்டு எழுத வேண்டும். தாளுக்கும் குடிசைக் கதவுக்கும் ஒரே எண். எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து, அட்டை போட்டு, யூனியன் முத்திரையோடு கொடுப்பது.

"மதராசி பாய், உங்க ஆளுங்கதானே? நீங்க போய் எழுதிட்டு வாங்க" என்று என்னைக் காட்டினார்.

"எனக்கு..." என்று இழுத்தேன்.

"இவர் கேள்வி கேட்டு முடிக்கறதுக்குள்ள குழாயில தண்ணியே வந்துடும்" என்றான் கட்டிங் மெஷின்காரன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுக்க வேண்டிய நேரம் அந்தச் சிரிப்பில் போய்விட்டது.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போனேன். நினைத்ததுபோல் அவ்வளவு கஷ்டமாக இல்லை. நம்ம ஊர் ஆள் ஒருத்தர் பேனாவும் காகிதமுமாக வந்திருக்கிறார் என்று அவர்களே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். "தண்ணி எப்பண்ணே வரும்?" என்று எல்லாரும் கேட்டார்கள். வரும் என்று சொன்னேன். ஒருவருக்கு நம்பிக்கை கொடுப்பது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

நாற்பத்தேழாம் குடிசையை நடுவில் சாக்குப்படுதா கட்டி இரண்டாகத் தடுத்திருந்தார்கள். முன்பாதியில் ஒருவர் மனைவி பிள்ளைகளோடு இருந்தார். பின்பாதியில் அவருடைய தம்பி மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு இருந்தாள். தம்பி ஏதோ அணை வேலைக்கென்று காண்டிராக்டரோடு போனவன், திரும்பவில்லை. பின்பாதிக்குத் தனியாக ஒரு வாசல் உண்டு. அங்கே போனேன். அவள் உள்ளே மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. ஆண் இல்லாத இடத்தில் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு முன்பக்கம் திரும்பி வந்துவிட்டேன்.

"ஒண்ணாவே எழுதிக்குங்க சார். எல்லாம் ஒரே குடும்பந்தான்" என்றார் மூத்தவர்.

எட்டுப் பேர் என்று எழுதிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவள் அச்சக கேட்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பில் குடம். முகத்தை அன்றுதான் பார்த்தேன். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவளாக இருக்கும்.

"ஏண்ணே, எல்லார் வூட்டுலயும் கேட்டு எழுதினீங்களாம், என் வூட்டுக்கு மட்டும் வரலியே?"

"உங்க மூத்தாரு சொன்னாரும்மா..."

"அவுரு சொல்லுவாரு. நான் தனியா உலை வெக்கிறேன், தனியா சம்பாதிக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு வாய் சோறு போட்டிருப்பாரா கேளுங்க. என்னைத் தனியா எழுதிக்குங்கண்ணே."

"சரிம்மா, மாத்திடறேன்."

"மறந்துடாதீங்க. மறக்கிற ஆளு மாதிரிதான் இருக்கீங்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள்.

நான் மறக்கவில்லை. ஆனால் அதற்குள் புத்தகம் முடிந்திருந்தது. நல்ல கையெழுத்துள்ள ஒருவர் எல்லாத் தாளையும் இந்தியில் படியெடுத்திருந்தார். எண் அடிக்கும் மெஷினில் ஒவ்வொரு தாளுக்கும் எண் அடித்தாயிற்று. தைத்து, நீலக் காலிகோத் துணி ஒட்டி, மூலைக்குத் தோல் வைத்து, ஒரு ராத்திரி முழுக்க அழுத்தியில் வைத்து எடுத்ததும் நான்தான். என் வாழ்க்கையில் அதைவிட நன்றாக ஒரு புத்தகம் கட்டியதில்லை. செயலாளர் அதைப் பிரிவு பிரிவாக எடுத்துப் போய்க் காட்டினார். "மதராசி பாய் வேலையைப் பாருங்க! பாராளுமன்றத்துலயே வைக்கலாம்!" யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை.

நாற்பத்தேழுக்கும் நாற்பத்தெட்டுக்கும் நடுவில் ஒரு தாளை ஒட்டிச் சேர்ப்பது கால்மணி நேர வேலை. எண் மட்டும் கையால் எழுத வேண்டியிருக்கும், வரிசை கொஞ்சம் அசிங்கமாகத் தெரியும். அதற்கு முன் செயலாளரிடம் போய், நான் ஒரு வீட்டைச் சரியாக விசாரிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அந்த இந்தி வாக்கியத்தை மனதில் பல தடவை சொல்லிப் பார்த்தேன். பிறகு, குழாய்தானே என்று நினைத்துக்கொண்டேன். குழாயில் தண்ணீர் பிடிக்க யார் பெயர் வேண்டும்? தனியாக எழுதினாலும் சேர்த்து எழுதினாலும் அதே தண்ணீர்தானே?

புத்தகத்தை ஐந்து பேர் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். அதிகாரி எழுந்து நின்று வாங்கினாராம். அவர் எழுந்து நின்றதைச் செயலாளர் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் லாரிகள் வந்து நின்ற சத்தம் கேட்டது. குழாய் வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். செயலாளரும் பைண்டிங் பிரிவு ஆட்களும் ஸ்டூல் போட்டு ஏறிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தோம். லாரிகளில் போலீஸ்காரர்கள் இருந்தார்கள். பின்னால் ஒரு புல்டோசர். வேப்பமரத்தடியில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். மேசைமேல் நீலக் காலிகோ அட்டை.

அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு முன்பே உத்தரவு இருந்திருக்க வேண்டும். எந்தக் குடிசையில் யார் இருக்கிறார்கள் என்கிற கணக்குத்தான் இல்லாமல் இருந்திருக்கும். அதை நாங்கள் எண் போட்டு, தைத்து, முத்திரை குத்திக் கொடுத்திருந்தோம். ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பெயர் கூப்பிட்டார்கள். வந்தவருக்கு யமுனைக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு நிலத்துக்குச் சீட்டு. தாள் ஒன்றுக்கு ஒரு சீட்டு.

 செயலாளர் ஸ்டூலிலிருந்து இறங்கிப் போய்விட்டார்.

நாற்பத்தேழைக் கூப்பிட்டார்கள். மூத்தவர் போய்ச் சீட்டு வாங்கினார். பின்னாலேயே அவள் போனாள்.

"மேரா சூலா அலக் ஹை, சாப்" என்றாள். என் அடுப்பு தனி, ஐயா.

மேசையில் இருந்தவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். அடுத்தது நாற்பத்தெட்டு. இல்லை என்று கையசைத்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். சுவருக்கு மேலே வரிசையாக எங்கள் தலைகள்.

"அண்ணே! நீங்க சொல்லுங்கண்ணே! மாத்திடறேன்னு சொன்னீங்களே!"

நான் ஸ்டூலிலிருந்து இறங்கினேன். இறங்கித் தையல் மேசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். குரல் இன்னும் இரண்டு தடவை கேட்டது. பிறகு புல்டோசர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

மூத்தவர் தனக்குக் கிடைத்த துண்டு நிலத்தில் அவளைச் சேர்க்கவில்லை. அவள் வேலை செய்கிற கட்டடங்களிலேயே குழந்தைகளோடு தங்கினாள். ஒரு கட்டடம் முடிந்தால் அடுத்த கட்டடம். மாதம் ஒரு முறையாவது சாப்பாட்டு வேளையில் கேட்டுக்கு வருவாள். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "எதனா வழி இருக்குதாண்ணே?" என்றுதான் கேட்பாள். டில்லியில் அவளுக்குத் தெரிந்த, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று பிறகு புரிந்தது.

செயலாளரிடம் கடைசியில் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"நாம குழாய்தானே கேட்டோம்" என்றார். பிறகு, "இப்ப வாயைத் திறந்தா உன் வேலையும் போகும், என் வேலையும் போகும். பொறு" என்றார்.

பொறுத்தோம். தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. விடுபட்டவர்கள் மனுக் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். நானே அவளை அந்த அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனிதர். எங்கள் புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "கணக்கெடுத்தது உங்க யூனியன். இதுல தவறு இருக்குன்னு அவங்களே முத்திரை போட்டு எழுதிக் கொடுத்தா சீட்டு கிடைக்கும். மாசக் கடைசிக்குள்ள கொண்டுவாங்க" என்றார். அவள் அதை என்னைத் தமிழில் இரண்டு தடவை சொல்ல வைத்தாள்.

செயலாளர் தலையைப் பிடித்துக்கொண்டார். புத்தகத்தைக் கொடுத்து ஜுக்கியை இடிக்க வைத்தவர் என்று யூனியனில் பாதிப் பேர் அவருக்கு எதிராகத் திரும்பியிருந்தார்கள்.

"நானா எழுதிக் கொடுத்தா, எதையோ மறைக்கிறேன்னு என்னைக் கிழிச்சுடுவாங்க. ஞாயித்துக்கிழமை பொதுக்குழு. நீ எழுந்து சொல்லு. நான் எழுதினேன், ஒரு வீட்டை விட்டுட்டேன், அவ்வளவுதான். சபை சரின்னு சொன்னா அங்கேயே முத்திரை குத்தறேன்."

சனிக்கிழமை அவள் வந்தபோது விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க எழுந்து பேசுவீங்களாண்ணே?" என்று கேட்டாள்.

"பேசுவேம்மா."

பொதுக்குழு கேன்டீனில் நடந்தது. இரண்டு வருடமாக அடக்கி வைத்த கோஷமெல்லாம் அன்று வெளியே வந்தது. "புத்தகத்தைக் கொடுத்தது யார்? பதில் சொல்!" என்று ஒரு பக்கம் கத்தினார்கள். செயலாளர் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர்மேல் இரண்டு பேர் டீ கிளாஸை வீசப் போனார்கள், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒருவழியாக அடங்கி, மற்ற விஷயங்கள் முடிந்து, "வேற யாராவது?" என்று தலைவர் கேட்டார்.

எழுந்தேன்.

"அரே, மதராசி எழுந்துட்டார்! சத்தம் போடாதீங்கப்பா, சூரியன் மேற்கே உதிச்சிருக்கு!" என்று கட்டிங் மெஷின்காரன் கத்தினான். சபை சிரித்தது. பிறகு அமைதியானது. இருநூறு முகங்கள் என் பக்கம் திரும்பின. வாக்கியம் என்னிடம் தயாராக இருந்தது. அதன் முதல் வார்த்தை, புத்தகம். அந்த வார்த்தைக்காகத்தான் சற்றுமுன் கிளாஸை ஓங்கினார்கள்.

"பைண்டிங் பிரிவில..." என்று தொடங்கினேன். "பைண்டிங் பிரிவில ஃபேன் ஓடலை."

கை தட்டினார்கள். நான் எட்டு ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகப் பேசியதற்காகத் தட்டினார்கள். செயலாளர் என்னையே பார்த்தார். அவர் வாயைத் திறப்பார் என்று நான் காத்திருந்தேன். நான் இன்னும் சொல்வேன் என்று அவர் காத்திருந்திருப்பார். பிறகு குனிந்து, ஃபேன் என்று எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவள் கேட்டில் நின்றிருந்தாள். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை போலிருக்கிறது. இரண்டு பெண்களுக்கும் எண்ணெய் வைத்துத் தலைவாரி, கூடவே அழைத்து வந்திருந்தாள்.

"இன்னாண்ணே சொன்னாங்க?"

"ஒத்துக்கலைம்மா" என்றேன்.

"நீங்க சொன்னீங்கல்ல?"

"சொன்னேன்."

அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"பரவால்லண்ணே. பேசாத மனுசன், எனக்காக எழுந்து பேசினீங்களே. அது போதும்."

சாலையைக் கடந்து போனாள். அதன் பிறகு அவள் வரவே இல்லை. இப்போது எந்தக் கட்டடத்தில் தங்கியிருக்கிறாய் என்று அன்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.